பேரிங் குண்டும் ஒற்றை முடியும்

லிஃப்ட் மெக்கானிக்குகளில் இரண்டு வகை உண்டு. சோதனை அட்டையில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் படியில் இறங்கிப் போகிறவர்கள் ஒரு வகை. கையெழுத்துப் போட்ட அதே லிஃப்டில் இறங்கிப் போகிறவர்கள் இன்னொரு வகை. நம்முடைய ஆள் இந்த இரண்டிலும் சேரமாட்டார். முதலில் தானே ஏறி உச்சி மாடிவரை போவார், இறங்குவார், மறுபடி ஏறுவார், அதற்கப்புறம்தான் பேனாவைத் தேடுவார். பேனா பாதி நாள் கிடைக்காது.

லிஃப்டைத் தூக்கும் கம்பி வடத்தைச் சோதிக்க ஒரு முறை வைத்திருந்தார். பழைய பனியன் துணியை வடத்தைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு லிஃப்டை மெதுவாக ஓடவிடுவார். நூற்றுக்கும் மேலான இழைகளில் ஒன்றே ஒன்று அறுந்து துருத்திக்கொண்டிருந்தாலும் துணியில் சிக்கும். சிக்கினால் போச்சு, அன்றைக்கு அந்தக் கட்டடத்தில் எல்லாருக்கும் படிதான். ஒன்பது மாடிக் கட்டடத்தின் சொந்தக்காரர் ஒருவர், "ஏம்ப்பா, ஒரே ஒரு இழை அறுந்ததுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?" என்று எகிறினார். "ஒரு இழையில என்னென்ன தொங்கும்னு எனக்குத் தெரியும் சார்" என்று சொல்லிவிட்டு இவர் பூட்டைப் போட்டுவிட்டார். என்ன அர்த்தத்தில் சொன்னார் என்று யாருக்கும் விளங்கவில்லை. நேர்மையான மனுஷன் என்று பேர் மட்டும் பரவியது. அந்தப் பேரைக் கேட்கும்போதெல்லாம் அவருக்கு உள்ளே சுருக்கென்றது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்?

அவருக்கு இன்னொரு பேரும் உண்டு. கூடப் படித்தவர்கள் வைத்தது: மிதவை. நீச்சல் தெரிந்த ஆள் போலிருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள், முழங்கால் தண்ணீரைக் கண்டாலே ஒதுங்குகிறவர். கடைசி வருடப் ப்ராஜெக்டுக்காக இரும்புக் குண்டு ஒன்றைக் காந்தத்தின் கீழே, எதுவும் தொடாமல், அந்தரத்தில் மிதக்கவிட்டுக் காட்டினார் என்பதற்காக வந்த பேர் அது. கல்லூரியில் அதற்கு முன்னால் யாரும் அதைச் செய்ததில்லை. உண்மையைச் சொன்னால், இவரும் செய்யவில்லை.

முப்பத்தாறு வருடமாக அது அவருக்கு மட்டுமே தெரியும் என்று நினைத்திருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போன் வந்தது.

"மிதவை, நான் கணக்கு பேசறேன்."

கணக்கு என்றால் ப்ராஜெக்டில் அவருடைய ஜோடி. அவளுக்கும் அது பட்டப்பேர்தான். வாத்தியார் கரும்பலகையில் இரண்டாவது வரி எழுதுவதற்குள் விடையைச் சொல்லிவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்க்க ஆரம்பித்துவிடுவாள். அப்பேர்ப்பட்டவள் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராகப் போனாள், அங்கேயே இருந்துவிட்டாள். வருடத்துக்கு ஒரு தடவை போனில் பேசிக்கொள்வார்கள், பெரும்பாலும் யாருக்கு முழங்கால் வலி அதிகம் என்பதைப் பற்றி.

"இந்த மாசத்தோட எனக்கு ரிட்டயர்மென்ட். கடைசி நாள் பாடம் எடுக்கறதுக்குப் பதிலா பிள்ளைங்களுக்கு ஏதாவது காட்டலாம்னு தோணுது. நம்ம குண்டு உங்கிட்ட இருக்கா, தூக்கிப் போட்டுட்டியா?"

"இருக்கு."

"ஓடுமா?"

இவர் குண்டு இருந்த பெட்டியை மேல் அலமாரியில் நிமிர்ந்து பார்த்தார். "ஓட்டிடலாம்" என்றார் கடைசியில்.

"கொண்டு வா. அதை இன்னொரு தடவை பார்க்கணும் எனக்கு."

போனை வைத்தபிறகு கல்லூரி ஆய்வகம்தான் அவர் கண்முன்னால் வந்தது.

அந்தக் காலத்து ஆய்வகம் தாழ்வாரத்தின் கடைசி அறை. கிழக்கே பார்த்த பெரிய ஜன்னல், மூன்று நீள மேசைகள், ஒரு கால் ஆடுகிற ஸ்டூல். ஈயம் உருகுகிற வாசனையும் வார்னிஷ் வாசனையும் சுவரிலேயே ஊறிப்போயிருக்கும். பகல் முழுக்க மற்ற வகுப்புகள் நடக்கும், சாயங்காலம் பூட்டிவிடுவார்கள். ஆகவே இவர்களுக்குக் கிடைத்தது காலை ஏழிலிருந்து ஒன்பது வரை மட்டும். இரண்டு மணி நேரம்தான், ஆனால் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான, அவ்வளவு சந்தோஷமான காலைகளை அவர் அதற்கப்புறம் பார்த்ததில்லை.

உடைந்த நாற்காலிக் கால்களை வைத்துச் சட்டம் அடித்தார். தடித்த போல்ட் ஒன்றின்மேல் செம்புக் கம்பியைக் கையாலேயே சுற்றினார். அவர் சுற்ற, அவள் எண்ணினாள். ஆயிரத்து இருநூறு சுற்று. எழுநூறைத் தாண்டும்போது அவளுக்குத் தும்மல் வந்துவிட்டது. "எழுநூத்தி நாப்பதா, எழுநூத்தி அம்பதா?" என்று இருவரும் அரைமணி நேரம் சண்டை போட்டார்கள். கடைசியில் அவள், "சந்தேகத்தோட ஒரு சுத்துகூட வேண்டாம், பிரி" என்றாள். மொத்தத்தையும் பிரித்து மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தார்கள். அவள் அப்படித்தான். குண்டு, லாரி ஷெட் ஒன்றில் உடைந்து கிடந்த பேரிங்கிலிருந்து வந்தது. கோலிக்குண்டு அளவு இருக்கும், துடைத்து வைத்தால் முகம் தெரியும்.

விஷயம் கேட்பதற்கு எளிது. மேலே மின்காந்தம். அதற்குக் கீழே குண்டு. குண்டின் கீழ் விளிம்பை ஒட்டி இந்தப் பக்கம் கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் விடும் ஒரு சின்ன விளக்கு, அந்தப் பக்கம் அதைப் பார்க்கும் ஒரு மின்னணுக் கண். குண்டு கொஞ்சம் இறங்கினால் வெளிச்சம் மறையும், உடனே காந்தத்துக்கு மின்சாரம் கூடும், குண்டு மேலே இழுபடும். ரொம்ப ஏறினால் கண்ணுக்கு வெளிச்சம் கூடும், மின்சாரம் குறையும், குண்டு இறங்கும். எவ்வளவு கூட்டணும், எவ்வளவு வேகமாகக் குறைக்கணும் என்பதுதான் கணக்கு. அவள் அதைப் பதினோரு பக்கம் போட்டாள். யோசிக்கும்போது கூந்தலை முடிந்து பென்சிலைச் செருகிக்கொள்வாள். எழுதப் பென்சிலை உருவினால் கூந்தல் அவிழ்ந்து நோட்டின்மேல் விழும். பதினோராம் பக்கத்தின் அடியில், அதைத் தீர்மானிக்கும் ரெசிஸ்டரின் அளவை, கிலோ ஓம் கணக்கில், நாற்பத்தேழு என்று எழுதி வட்டம் போட்டாள். "நாப்பத்தேழு கே ரெசிஸ்டர் போடு. நிக்கும்."

இந்த இடத்தில் வாசிக்கிறவர்கள் காதல் என்று முடிவுகட்டியிருப்பீர்கள். ஏமாற்றத்துக்கு மன்னிக்கவும். அவருக்கு அவள்மேல் இருந்தது மலைப்பு. தன்னோடு சேர்ந்து ஒரு காரியம் செய்ய இவ்வளவு பெரிய மூளை சம்மதித்ததே என்ற மலைப்பு. மங்கலான அறையில் அந்தப் பொடி எழுத்துகளைப் பார்த்து அவளுக்குக் கண் வலிக்கக்கூடாதென்று, மேசையை ஜன்னலோரம் இழுத்துப்போட்டவரும் அவர்தான்.

குண்டு நிற்கவில்லை. கையால் தூக்கி வைத்து விரலை எடுத்தால் டொக்கென்று கீழே இருந்த பலகையில் விழுந்தது. மூன்று வாரம், தினமும் இரண்டு மணி நேரம், டொக் டொக் டொக். முப்பத்தொன்பது போட்டார்கள், ஐம்பத்தாறு போட்டார்கள், அறுபத்தெட்டு போட்டார்கள். அவள் பதினோரு பக்கத்தையும் மறுபடி மறுபடி போட்டாள். திரும்பத் திரும்ப நாற்பத்தேழுதான் வந்தது. தேர்வுக்கு முந்தின நாள் காலை அவள் நோட்டை மூடினாள். அவள் முகம் அப்படி ஆகி அவர் பார்த்ததே இல்லை. அவளுக்கு மேல்படிப்பு ஆராய்ச்சிக்கு இடம் கிடைப்பது இந்த ஒரு மதிப்பெண்ணைப் பொறுத்திருந்தது.

மறுநாள் அவர் ஆறே முக்காலுக்கே போய்விட்டார். இன்சுலேஷன் டேப் உருளையில் அவளுடைய நீளமான முடி ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. அதை எடுத்தார். ஒரு முனையைக் குண்டின் தலையில் ஒரு பொட்டுப் பசை வைத்து ஒட்டினார், மறுமுனையைப் போல்ட்டில். குண்டு காந்தத்துக்கு ஒரு விரற்கடை கீழே அசையாமல் தொங்கியது. இரண்டடி தள்ளி நின்று பார்த்தார். முடி தெரியவே இல்லை.

வெளியிலிருந்து வந்த தேர்வாளரோடு அவள் உள்ளே நுழைந்தாள். குண்டைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்ததை அவர் சாகும்வரை மறக்கமாட்டார். தேர்வாளர் குனிந்தார், குண்டுக்குக் கீழே ஒரு தாளை விட்டு எடுத்தார், தலையாட்டினார். பிறகு குண்டுக்கும் காந்தத்துக்கும் நடுவில் தாளைக் கொண்டுபோனார்.

"மேல வைக்காதீங்க சார், கண்ணை மறைச்சுடும், குண்டு விழுந்துடும்" என்றார் இவர்.

தேர்வாளர் கையை எடுத்துக்கொண்டார். மின்சாரத்தை நிறுத்திக் காட்டச் சொன்னபோது இவர் குண்டுக்குக் கீழே உள்ளங்கையைக் குவித்து, ஸ்விட்சை அணைத்து, விரலால் ஒரு சுண்டு சுண்டினார். முடி அறுந்து குண்டு கையில் விழுந்தது. நூற்றுக்குத் தொண்ணூற்றாறு. அவளைத் திரும்பிப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

கதை அதோடு முடிந்திருந்தால்கூட மென்று முழுங்கியிருக்கலாம். ஒரு வாரம் கழித்து, கல்லூரியில் இரவல் வாங்கி மாட்டியிருந்த டிரான்ஸ்ஃபார்மரைக் கழற்றி ஸ்டோரில் ஒப்படைக்கச் சொன்னார்கள். சாயங்காலம் ஐந்தரை மணிக்குத்தான் சாவி கிடைத்தது. கழற்றுவதற்கு முன், என்ன தோன்றியதோ, நாற்பத்தேழைத் திரும்பப் பொருத்தி, ஸ்விட்சைப் போட்டு, குண்டைத் தூக்கி வைத்து விரலை எடுத்தார்.

டொக் சத்தம் வரவில்லை.

குண்டு நின்றது. லேசாக நடுங்கிக்கொண்டு, தானாக, அந்தரத்தில் நின்றது. ஜன்னலைப் பார்த்தார். வெயில் இல்லை. அப்போதுதான் உறைத்தது. காலை வெயில் நேராக அந்தக் கண்ணில் அடித்திருக்கிறது. குண்டு எங்கே இருந்தாலும் கண்ணுக்கு எப்போதும் வெளிச்சம். குண்டு ரொம்ப மேலே இருக்கிறதாக்கும் என்று நினைத்து அது மின்சாரத்தைக் குறைத்துக்கொண்டே இருந்திருக்கிறது. மேசை ஜன்னலோரம் இல்லாமல் பழைய இடத்திலேயே இருந்திருந்தால் நின்றிருக்கும். ஒரு துணியைத் தொங்கவிட்டிருந்தால் நின்றிருக்கும். அந்த மூன்று வாரத்தில் ஒரு நாள் மேகம் போட்டிருந்தால்கூட நின்றிருக்கும். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நான்கு நிமிடம் இருந்தார். தாழ்வாரத்தில் காலடிச் சத்தம் கேட்டதும் அவரே அணைத்துவிட்டார்.

விடுதிக்கு ஓடினார். அவள் மத்தியானமே ஊருக்குப் போய்விட்டாள். மூன்று பக்கம் கடிதம் எழுதினார். மிதந்தது என்று சொன்னால், அன்றைக்கு மிதக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அதைச் சொன்னால் முடியைச் சொல்ல வேண்டும். கிழித்துப் போட்டார். இரண்டு மாதம் கழித்து அவளிடமிருந்து நான்கு வரி வந்தது: ஆராய்ச்சிக்கு இடம் கிடைத்தது, போகவில்லை, பள்ளிக்கூட வேலையில் சேர்ந்துவிட்டேன், நீ சௌக்கியமா. வீட்டில் ஏதோ கஷ்டம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். அப்படி நினைப்பது வசதியாக இருந்தது.

போன் வந்த அடுத்த சனிக்கிழமை மத்தியானம், மேல் அலமாரியிலிருந்து பெட்டியை இறக்கினார். அவர் மனைவி நூலகத்தில் வேலை பார்க்கிறவர். வீட்டில் மட்டும் சத்தமாகப் பேசுவார்.

"நாலு வீடு மாறினோம். நாலு வீட்டுக்கும் இந்தப் பெட்டி வந்துச்சு. என்னன்னு கேட்டா பழைய சாமான்பீங்க. தங்கம் ஏதாவது வச்சிருக்கீங்களோன்னு நானும் தூசி தட்டிக்கிட்டே இருந்தேன்."

இவர் இரண்டு கெப்பாசிட்டரை மாற்றினார், வாங்கி வந்திருந்த புது டிரான்ஸ்ஃபார்மரைப் பொருத்தினார், திரையை இழுத்துவிட்டார், ஸ்விட்சைப் போட்டார். குண்டு நின்றது. மனைவி மேலே கீழே கையைவிட்டுப் பார்த்துவிட்டு, "அட, நிஜமாவே நிக்குதே!" என்றார். அந்த 'நிஜமாவே' அவரை உடைத்துவிட்டது. சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார்.

மனைவி குண்டை இன்னொரு தடவை பார்த்தார். "ஒத்த முடியைக் கட்டிக்கிட்டு முப்பத்தாறு வருஷமா அழுதிருக்கீங்க. போய்ச் சொல்லிடுங்க."

"சொன்னா என்னைப் பத்தி என்ன நினைப்பா? என்னை மதிக்கிற ஒரே ஆளு அவதான்."

"அப்ப நான்?"

"நீ என்னைக் கட்டிக்கிட்டவ. அது வேற."

"நல்லாத்தான் இருக்கு உங்க நியாயம்" என்று எழுந்து போனவர் கதவருகே நின்றார். "முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சது போதுங்க. அவங்க ரிட்டயர் ஆகறதுக்குள்ள சொல்லுங்க."

அந்தக் கடைசி நாள் காலை பெட்டியைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனார். வழியெல்லாம், இரண்டு வழி இருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டே போனார். காட்டிவிட்டுக் கைதட்டல் வாங்கிக்கொண்டு திரும்பலாம், அவள் மதிப்பு அப்படியே இருக்கும். அல்லது சொல்லலாம். லிஃப்டில் ஒரு இழைக்குப் பூட்டுப் போடுகிற மனிதருக்கு இரண்டில் எது என்பது முன்னமே தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை.

வகுப்பறை வாசலில் அவள் நின்றிருந்தாள். கூந்தல் நரைத்துக் குட்டையாகியிருந்தது. விரலெல்லாம் சாக்பீஸ்.

"வா வா. உனக்கு வெளிச்சமா இருக்கட்டும்னு மேசையை ஜன்னலோரம் போட்டு வச்சிருக்கேன்" என்றாள்.

காலை வெயில் மேசைமேல் பளீரென்று விழுந்துகிடந்தது. அவர் சட்டத்தை வைத்தார், வயர்களைக் கோர்த்தார். பிறகு போய் ஜன்னல் திரையை இழுத்தார்.

"ஏம்ப்பா மூடற? பிள்ளைங்க கால் மணியில வந்துடும். இருட்டுல என்னத்தைப் பார்க்கும்?"

கண் கூசுகிறது என்று சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. திரையைப் பிடித்த கையை எடுக்காமலே, சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். வெயிலைச் சொன்னார், டேப் உருளையில் ஒட்டியிருந்த முடியைச் சொன்னார், ஒரு வாரம் கழித்து அந்தச் சாயங்காலத்தைச் சொன்னார். "நாலு நிமிஷம் நின்னுச்சு கணக்கு. நான்தான் நிறுத்தினேன்."

அவள் விரலில் இருந்த சாக்பீஸைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்துத் தீர்ந்தபிறகும் துடைத்தாள்.

"முடி எனக்குத் தெரியும்" என்றாள்.

அவர் திரும்பினார்.

"மேல வைக்காதீங்க, கண்ணை மறைக்கும்னு சொன்ன பாரு. கண்ணு குண்டுக்குக் கீழ இருக்கு. அந்தப் படத்தை வரைஞ்சது நான். மேல பேப்பர் வச்சா எப்படி மறைக்கும்? அங்கயே புரிஞ்சுடுச்சு."

"அப்ப ஏன் சொல்லல?"

"எனக்காகத்தானே பண்ணின. உன்மேல எனக்குக் கோபமே வரல. என்மேலதான். என் கணக்கு தப்பு, இவன் பாவம் முட்டுக்கொடுத்திருக்கான்னு நினைச்சேன். தப்பாக் கணக்குப் போட்டவ எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு ஆராய்ச்சிக்குப் போறது? இடம் வந்துச்சு. வேண்டாம்னு எழுதிட்டேன்."

வீட்டில் ஏதோ கஷ்டம் என்று இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்தாரே.

"ஒரு வாரத்துல உனக்குத் தெரிஞ்சிருக்கு" என்றாள் அவள். குரல் உயரவில்லை, உயர்ந்திருந்தால் தேவலை. "முடியை மறைச்சது எனக்கு ஒண்ணுமில்ல. மிதந்ததை மறைச்சுட்டியே."

மன்னிச்சுடு என்று சொல்ல வாயெடுத்தார். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். அவளே போய் மிச்சத் திரையையும் இழுத்து மூடினாள். "போடு" என்றாள்.

ஸ்விட்சைப் போட்டார். குண்டைத் தூக்கி வைத்து விரலை எடுத்தார். நின்றது.

அவள் மேசையிலிருந்து ஒரு தாளை எடுத்து, குண்டுக்கும் காந்தத்துக்கும் நடுவில் மெல்ல நுழைத்து, அந்தப் பக்கம் எடுத்தாள். குண்டு அசையவில்லை. மறுபடி ஒருமுறை நுழைத்து எடுத்தாள்.

"எத்தனை கே போட்டிருக்க?"

"நாப்பத்தேழு. நீ எழுதிக் கொடுத்ததுதான். மாத்தவே இல்லை."

அவள் திரையைத் திறந்தாள். வெயில் விழுந்தது, டொக். மூடினாள், அவர் குண்டை எடுத்து வைத்தார், நின்றது. திறந்தாள், டொக். மூடினாள். சந்தேகத்தோடு ஒரு சுற்றுகூட வேண்டாம் என்று சொன்ன அதே முகம். அவள் கண்ணில் நீர் வழிந்ததை அவளும் துடைக்கவில்லை, அவரும் பார்க்காததுபோல் இருக்கவில்லை.

வெளியே காலடிச் சத்தம் கேட்டது. கதவு தட்டப்பட்டது.

"டீச்சர், உள்ள வரலாமா?"

அவள் குண்டிலிருந்து கண்ணை எடுத்து, நிமிர்ந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"இருங்க. நாலு நிமிஷம்."

அவர் போய்க் கதவை ஒட்டி நின்றுகொண்டார், அதுவரை யாரும் உள்ளே வராதபடி.